தேநீரில் மிதக்கும் ஆடை: கொம்புச்சா பற்றி ஒரு விளக்கம்

"தேயிலைக் காளான்" என்ற பெயரில் வழுவழுப்பான வட்டத் தகடு ஒன்று வீட்டுக்கு வீடு கைமாறி வருவதாகவும், அதைப் பற்றி விளக்கம் தரவேண்டும் என்றும் வாசகர்கள் சிலர் எம்மிடம் கேட்டுள்ளனர். சீனி கலந்த தேநீரில் அத்தகட்டை இட்டு, ஒரு வாரத்தின் பின் அந்த நீரைக் குடித்தால் நீரிழிவு மாறும், வாதம் தணியும், புற்றுநோய்கூடக் கரையும் என்று சொல்லப்படுகிறதாம். கேட்டவர்களின் மனதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குடும்பத்துக்குக் கிடைக்கும் கொஞ்சச் சீனியில் ஒரு பங்கை இதற்குச் செலவிடலாமா? ஆஸ்பத்திரியில் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாமா?

இரண்டாவது கேள்விக்கான விடையை இப்பொழுதே சொல்லிவிடுகிறோம்: கூடாது. முதலாவதற்கு விடை சொல்ல, சாடிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்கவேண்டும்.

இந்தப் பானத்துக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் கொம்புச்சா. வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியப் பகுதியிலிருந்து ரஷ்யாவுக்கும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து ஜேர்மனி முதலிய நாடுகளுக்கும் இது பரவியதாகக் கருதப்படுகிறது. பெயரில் ஒரு குழப்பம் உண்டு. யப்பானிய மொழியில் "கொம்பு" என்பது ஒருவகைக் கடற்பாசி. "கொம்புச்சா" என்றால் அப்பாசியில் தயாரிக்கும் பானம். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. எப்படியோ அந்தப் பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. 1913ஆம் ஆண்டில் லிண்டாவு என்னும் ஜேர்மன் தாவரவியலாளர் இத்தகட்டைக் கண்டு, கடலில் மிதக்கும் இழுதுமீனை நினைவூட்டும் ஒரு விஞ்ஞானப் பெயரை இதற்கு இட்டார். கரையோரத்தில் வாழ்ந்தவர்கள் இதைப் பார்த்தால் அவர் சொன்னது சரி என்பார்கள்.

ஆனால் இது காளான் அன்று. தனியொரு உயிரும் அன்று. கண்ணுக்குத் தெரியாத இருவகை நுண்ணுயிர்கள் கூடி வாழும் ஒரு குடியிருப்பு என்று சொல்லலாம். அவ்விரண்டில் ஒன்று மதுவம், மற்றது பற்றீரியா.

கள்ளும் வினாகிரியும்

எமக்குத் தெரிந்த கள்ளிலிருந்தே தொடங்குவோம். பாளையிலிருந்து சொட்டும் சாறு இனிப்பானது. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசி இறக்கினால் அது கருப்பணி. பூசாமல் இறக்கினால் கள். சுண்ணாம்பு அச்சாற்றைக் காரத்தன்மையுள்ளதாக ஆக்கிவிடுவதால் மதுவத்தால் அதிலே பெருக முடிவதில்லை. இனிப்பு இனிப்பாகவே நிற்கிறது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் மதுவம் சீனியைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடுகிறது. கள்ளின் வெறியும் நுரையும் இப்படி வந்தவையே. அப்ப மாவில் கள் விட்டால் மா பொங்குவதும் இதே வாயுவினால்தான்.

அந்தக் கள்ளை மூடாமல் சில வாரங்கள் வைத்தால் வெறி போய்ப் புளிப்பு ஏறி வினாகிரியாகிறது. இது வேறோர் உயிரின் வேலை. ஒருவகைப் பற்றீரியா காற்றிலுள்ள ஒட்சிசனைப் பயன்படுத்தி மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக மாற்றுகிறது. உயிருள்ள நுண்ணுயிரே இதைச் செய்கிறது என்பதை 1860களில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் எடுத்துக்காட்டினார். அவருக்கு வெகுகாலம் முன்னரே எமது பாட்டிமார் வினாகிரி செய்தார்கள் என்பது வேறு கதை.

கள் வினாகிரியாகும்போது பெரும்பாலும் மதுவம் தன் வேலையை முடித்த பின்பே பற்றீரியாவின் முறை வருகிறது. கொம்புச்சாவில் இருவரும் ஒரே சாடிக்குள் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். ஒருவர் உண்டாக்குவதை மற்றவர் உடனுக்குடன் எடுத்துக்கொள்கிறார். அதனால்தான் கள்ளைப்போல இது வெறிப்பதில்லை. நல்ல வினாகிரியைப்போல வாயைக் கூசச் செய்வதுமில்லை.

சீனிக்கு என்ன நடக்கிறது?

நாம் வாங்கும் வெள்ளைச் சீனியின் விஞ்ஞானப் பெயர் சுக்குரோசு. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் குளுக்கோசு ஒன்றும் பிரக்டோசு ஒன்றும் கைகோத்து நிற்கும் ஒரு சோடி. மதுவம் முதலில் இந்தச் சோடியைப் பிரிக்கிறது. அதற்காக அது சுரக்கும் பொருள் ஒரு நொதியம். எமது உமிழ்நீர் சோற்றிலுள்ள மாப்பொருளை உடைப்பதும் இவ்வகை நொதியம் ஒன்றினாலேதான். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறது அல்லவா?

பிரிந்த சீனியை மதுவம் உண்கிறது. கணக்குப்படி 180 கிராம் குளுக்கோசு முழுவதும் மாறினால் 92 கிராம் மதுசாரமும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் கிடைக்கும். அந்த மதுசாரத்தைப் பற்றீரியா எடுத்துக்கொள்ளும்போது ஒவ்வொரு 46 கிராமும் 60 கிராம் அசற்றிக்கமிலமாகிறது. நிறை கூடுவது எப்படி என்று நினைக்கவேண்டாம்; காற்றிலிருந்து வந்த ஒட்சிசனும் அதிலே சேர்கிறது. சாடியை இறுக மூடாமல் துணியால் மூடுவதன் காரணமும் இதுவே. காற்று இல்லாவிட்டால் பற்றீரியாவின் வேலை நின்றுபோகும், மதுவத்தின் வேலை நிற்காது. மதுசாரம் குறையாமல் அப்படியே சேர்ந்துகொண்டு போகும்.

பற்றீரியா இன்னும் இரண்டு காரியங்களைச் செய்கிறது. குளுக்கோசின் ஒரு பகுதியை நேரடியாகக் குளுக்கோனிக்கமிலமாக மாற்றுகிறது. இது மென்மையான புளிப்புள்ளது, மூக்கைத் துளைக்காது. கொம்புச்சாவின் சுவை வெறும் வினாகிரியில் தண்ணீர் கலந்ததுபோல் இல்லாமைக்கு இது ஒரு காரணம். அடுத்ததாக, குளுக்கோசுத் துணிக்கைகளைச் சங்கிலியாகக் கோத்து மெல்லிய இழைகளை நூற்கிறது. இவ்விழைகள் செலுலோசு எனப்படும். பருத்திப் பஞ்சும் பெரும்பாலும் செலுலோசுதான். அந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னி, பாலில் ஆடை படிவதுபோல மேற்பரப்பில் படிகின்றன. எல்லோரும் அதிசயிக்கும் "காளான்" இதுவே. ஒட்சிசன் தேவைப்படும் உயிர் தண்ணீரின் மேல் நிற்பதற்குத் தானே கட்டிக்கொண்ட ஒரு தெப்பம். வட்டச் சாடியில் வட்டமாகவும் சதுரச் சாடியில் சதுரமாகவும் வளர்வதில் மந்திரம் ஒன்றுமில்லை.

பிலிப்பைன்ஸ் நாட்டில் இதே இனப் பற்றீரியாவைத் தேங்காய்த் தண்ணீரில் வளர்த்து, வரும் தடித்த ஆடையைத் துண்டுகளாக வெட்டிச் சீனிப்பாகில் இட்டு "நாட்டா டி கோகோ" என்ற பெயரில் விற்கிறார்கள். தேங்காய் ஆலைகளில் வீணே ஓடும் தண்ணீர் அங்கே ஏற்றுமதிப் பொருளாகியிருக்கிறது.

கோப்பையில் இருப்பது

மலைநாட்டிலிருந்து 1977ஆம், 1983ஆம் ஆண்டு வன்செயல்களின் பின் வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்குத் தேயிலையைப் பற்றி நாம் படிப்பிக்க வேண்டியதில்லை. எனினும் இப்பானத்தில் தேயிலையின் பங்கைச் சொல்லவேண்டும். நுண்ணுயிர்கள் சீனியை மட்டும் உண்டு பெருக முடியாது. அவற்றுக்கு நைதரசனும் கனியுப்புக்களும் தேவை. தேயிலைச் சாயம் அவற்றைக் கொடுக்கிறது. தேயிலையிலுள்ள கஃபீன் பெரும்பாலும் அப்படியே எஞ்சுகிறது. ஆகவே தேநீர் குடித்தால் நித்திரை வராதவர்களுக்கு இதைக் குடித்தாலும் வராது. துவர்ப்பைத் தரும் பொருள்களும் ஓரளவு மாறியும் ஓரளவு மாறாமலும் இருக்கின்றன. நாள் போகப் போகச் சாயத்தின் கருமை வெளுத்துப்போவதைக் காணலாம். வெறுந்தேநீரில் தேசிக்காய் பிழிந்தவுடன் நிறம் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அமிலத்தின் வேலை அது.

புளிப்பை அளப்பதற்கு 0 முதல் 14 வரையான பி.எச். என்னும் அளவுகோல் உண்டு. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே எண் குறையக் குறையப் புளிப்புக் கூடுகிறது. ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடியது என்று பொருள். தேநீர் ஏறக்குறைய 5இல் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் 3க்குக் கிட்ட இறங்குகிறது. இந்த இறக்கமே பானத்தின் காவல். பி.எச். 4.2க்குக் கீழே வந்துவிட்டால் வயிற்றோட்டம் முதலியவற்றை உண்டாக்கும் பெரும்பாலான கிருமிகளால் பெருக முடியாது. மோரும் ஊறுகாயும் கெடாமல் இருப்பதும் இதனாலேதான்.

இனி, மொத்தக் கணக்கு. ஒரு கோப்பைக் கொம்புச்சாவில் 90 வீதத்துக்கு மேல் தண்ணீர். அடுத்ததாக அதிகம் இருப்பது சீனி. ஆம், போட்ட சீனியில் கணிசமான பங்கு ஒரு வாரத்தின் பின்னும் உண்ணப்படாமல் எஞ்சிநிற்கிறது; புளிப்பு மேலோங்குவதால் நாக்குக்குத்தான் தெரிவதில்லை. அதற்குப் பின் அமிலங்கள், பெரும்பாலும் 1 வீதத்துக்கு உட்பட்டவை. கடையில் விற்கும் வினாகிரியில் குறைந்தது 4 வீதம் அசற்றிக்கமிலம் இருக்கும். மதுசாரம் சாதாரணமாக அரை வீதம் தொடக்கம் 1 வீதம் வரை இருக்கும். போத்தலில் அடைத்து வெப்பத்தில் வைத்தால் அதைவிடக் கூடும். பி வகை உயிர்ச்சத்துக்கள் மிகச் சொற்பம். புரதம் பற்றிப் பேசவே தேவையில்லை.

மருந்தா?

இக்கணக்கைப் பார்த்தவர்களுக்கு விடை ஓரளவு தெரிந்திருக்கும். நீரிழிவு மாறும் என்று குடிப்பவர் தெரியாமலே சீனித் தண்ணீரையும் குடிக்கிறார். 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நீரிழிவு உள்ள 12 பேருக்கு நான்கு வாரங்கள் கொம்புச்சா கொடுத்துப் பார்த்ததில், வெறுவயிற்றில் அளந்த குருதிச் சீனி குறைந்திருந்தது உண்மை. ஆனால் 12 பேரை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று அவ்வாய்வைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டு, பெரிய அளவில் ஆராயவேண்டும் என்றார்கள். அதுவும் கம்பனி ஒன்றில் ஒரே சீராகத் தயாரித்த பானம். எமது சாடியில் எவ்வளவு சீனி எஞ்சியிருக்கிறது என்று யார் அளந்தார்கள்?

ஈரலைச் சுத்தம் செய்யும் குளுக்குரோனிக்கமிலம் இதில் உண்டு என்றும் சொல்வார்கள். அந்த அமிலத்தை எமது ஈரல் தனக்கு வேண்டிய அளவு தானே செய்துகொள்கிறது. புற்றுநோயைப் பொறுத்தவரை, பரிசோதனைக் குழாயிலும் எலிகளிலும் கண்டவற்றை மனிதருக்குப் பொருத்திப் பேசுகிறார்கள். நோயாளர்களில் குணம் கண்டதாக நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் கிடையாது. வருத்தத்தோடு இருப்பவருக்கு நம்பிக்கை தேவைதான். அந்த நம்பிக்கையைக் காட்டி அவருடைய மருந்துக் குளிசையைக் கையிலிருந்து பறிப்பது பெரும் பாவம்.

தீங்கு நேர்ந்த சந்தர்ப்பங்களும் பதிவாகியுள்ளன. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரே தாய் ஆடையிலிருந்து தயாரித்த கொம்புச்சாவை நாள்தோறும் குடித்துவந்த இரண்டு பெண்கள், குருதியில் அமிலம் மிகுந்து கடும் நோய்வாய்ப்பட்டனர், ஒருவர் இறந்தார். அதே ஆடையின் வழிவந்த பானத்தைக் குடித்த நூற்றுக்கு மேற்பட்டோருக்கு ஒன்றும் நேராததால், பானமே காரணம் என்று உறுதிசெய்ய முடியவில்லை. நல்ல உடல்நலம் உள்ளவர் நாளொன்றுக்குச் சுமார் 120 மில்லிலீற்றர் குடிப்பதால் தீங்கு வராது என்பது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் அப்போதைய கருத்து.

அவுஸ்திரேலியாவில் 1998இல் வெளியான செய்தியில் ஐயத்துக்கு இடமில்லை. மினுக்குப் பூசிய மண்சாடியில் பல மாதங்கள் கொம்புச்சா தயாரித்துக் குடித்த தம்பதியருக்கு ஈயம் உடலில் ஏறி நஞ்சானது. பானம் குற்றவாளி அன்று. சாடியின் மினுக்கிலிருந்த ஈயத்தைப் பானத்தின் அமிலம் கரைத்து எடுத்துவிட்டது. அதே ஆண்டில் ஈரானிலிருந்து வந்த அறிக்கை மாடு வளர்க்கும் எமக்கு முக்கியமானது. அங்கே ஒரு கிராமத்தில் வலிக்கு மருந்தாக இந்த ஆடையைத் தோலில் வைத்துக் கட்டியவர்களுக்கு, கால்நடைகளில் காணப்படும் அந்திராக்ஸ் நோய் தோலில் தொற்றியது. ஆடை வளர்ந்த இடத்தின் அசுத்தமே காரணம். புண்ணிலோ தோலிலோ இதை வைக்கவே வேண்டாம்.

செய்ய விரும்புவோருக்கு

இவற்றையெல்லாம் அறிந்த பின்னும், மருந்தாக அன்றி ஒரு பானமாகச் செய்து பார்க்க விரும்புவோர் இருக்கலாம். அது குற்றமன்று, முறையாகச் செய்யுங்கள்.

ஒரு லீற்றர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, இரண்டு தேக்கரண்டி தேயிலையை இட்டுப் பத்து நிமிடம் மூடிவைத்து வடித்து, ஐந்து மேசைக்கரண்டி சீனியைக் கரையுங்கள். நன்றாக ஆறவேண்டும். கையில் விட்டால் சூடு தெரியக்கூடாது. சூட்டோடு ஆடையை இட்டால் நுண்ணுயிர்கள் இறந்துவிடும், பிறகு மிஞ்சுவது பூஞ்சணத்துக்கு விருந்து. ஆறிய தேநீரைக் கண்ணாடிச் சாடியில் ஊற்றி, ஆடையையும், முன்னைய முறை தயாரித்த புளித்த நீரில் 100 மில்லிலீற்றருக்குக் குறையாத அளவையும் சேருங்கள். பலர் ஆடையைப் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டு இந்தப் பழைய நீரை மறந்துவிடுகிறார்கள். உண்மையில் ஆடையைவிட நீரே முக்கியம். பாலுக்கு உறை மோர் விடுவதுபோல, முதல் நாளிலேயே புளிப்பை ஏற்றிக் கெட்ட கிருமிகள் புகாமல் காப்பது அதுதான்.

சாடியின் வாயைத் துவைத்துக் காயவைத்த நெருக்கமான துணியால் மூடிக் கட்டுங்கள். வலைத்துணி போதாது; வாழைப்பழத்தை மொய்க்கும் சிறு ஈக்கள் அதனூடாக நுழைந்து முட்டையிடும். அடுப்புப் புகையும் வெயிலும் மாட்டுத் தொழுவத்தின் காற்றும் படாத இடத்தில் அசைக்காமல் வையுங்கள். எமது வெப்பத்தில் ஐந்து முதல் ஏழு நாட்கள் போதும். ஐரோப்பியப் புத்தகங்களில் இரண்டு வாரம் என்று எழுதியிருப்பது அவர்களுடைய குளிருக்கு.

பாத்திரத்தைப் பற்றி மறுபடியும் சொல்லுகிறோம். அலுமினியம், பித்தளை, செம்பு, மினுக்குப் பூசிய மண்சாடி எதுவும் வேண்டாம். கிருமிநாசினி, களைநாசினி வந்த பிளாஸ்ரிக் கலன்களை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தக்கூடாது. இடம்பெயர்ந்து வந்து கலன் தட்டுப்பாடு உள்ள இடங்களில் தண்ணீர் அள்ளவும் அவற்றை வைத்திருப்பதைக் காண்கிறோம். அமிலம் அந்த நஞ்சை இன்னும் விரைவாக வெளிக்கொண்டுவரலாம்.

ஆடைக்குக் கீழே கபில நிற நூல்கள் தொங்கினால் அது மதுவம், பயமில்லை. ஆடையின் மேல் உலர்ந்த, மயிர் போன்ற, பச்சை அல்லது கறுப்புப் புள்ளிகள் கண்டால் அது பூஞ்சணம். வழித்தெறிந்துவிட்டு மிச்சத்தைக் குடிக்க நினைக்காதீர்கள்; ஆடையோடும் நீரோடும் முழுவதையும் கொட்டிவிடுங்கள். சீனி வீணாகிறதே என்று மனம் கேட்காதுதான். ஒரு நாள் வயிற்றோட்டத்தில் அதைவிட அதிகம் வீணாகும்.

போத்தலில் நிறைத்து இறுக அடைத்தால் வாயு திரண்டு போத்தல் வெடிக்கலாம். கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், சிறுநீரக நோயும் ஈரல் நோயும் உள்ளவர்கள், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், மதுசாரத்தை முற்றாக விலக்கியவர்கள் இதைத் தவிர்க்கவேண்டும். விற்பனைக்குச் செய்ய நினைப்பவர்கள் முதலில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பேசுங்கள்.

இப்போது சீனிக் கேள்விக்கு வருவோம். ஒரு லீற்றருக்குப் போகும் சீனி ஏறக்குறைய 70 கிராம். அதை அப்படியே பிள்ளைகளின் தேநீரிலோ கஞ்சியிலோ போட்டால் அதன் சக்தி முழுவதும் அவர்களுக்குக் கிடைக்கும்; சாடியில் போட்டால் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். நிவாரணப் பங்கீட்டில் அளந்து வாழும் குடும்பம் இதற்காகச் சீனியை ஒதுக்குவதை நாம் ஆதரிக்கமாட்டோம். புளித்த உணவின் நன்மை வேண்டுமென்றால் பழஞ்சோற்றுத் தண்ணீரும் மோரும் இருக்கின்றன, செலவும் இல்லை. காணி திரும்பக் கிடைத்து, கையில் கொஞ்சம் மிஞ்சும் காலத்தில் செய்து சுவைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

ஏற்கெனவே சாடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மறந்து ஒரு மாதம் விட்டு மிகவும் புளித்துப்போனதைக் கொட்டவேண்டாம். பூஞ்சணம் இல்லையென்றால் வினாகிரிக்குப் பதிலாகச் சலாதிலும் சம்பலிலும் சிறிது சேர்க்கலாம். ஆனால் அதன் அமில அளவு தெரியாததால் ஊறுகாயை நெடுநாள் வைத்திருப்பதற்கு அதை நம்பக்கூடாது. ஒவ்வொரு முறையும் புதிதாக வளரும் ஆடைகள் சேர்ந்து பெருகினால் கூட்டெருவில் புதையுங்கள். சாணத்தோடும் இலைகுழைகளோடும் சேர்ந்து உக்கிவிடும். தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் இவ்வாடையை உலர்த்தி, இடித்து, கோழிக்குஞ்சுத் தீனியில் கலந்து கொடுத்து 2005இல் நல்ல வளர்ச்சி கண்டதாக எழுதியிருக்கிறார்கள். நான்கு கோழி வளர்ப்பவர்கள் ஆடையை வெயிலில் நன்றாகக் காயவைத்து, தீனியில் கொஞ்சமாகக் கலந்து பார்க்கலாம்.